விரால் வேட்டை ரீல்ஸ் காட்டாத மறுபாதி: டெல்டா குளத்தில் ஃப்ளை ஃபிஷிங் சாத்தியமா?

இன்ஸ்டாகிராமில் 'விரால் வேட்டை' என்று தேடிப் பாருங்கள். பச்சை நிற ரப்பர் தவளை ஒன்று தாமரை இலை மேல் விழும். இரண்டு முறை துள்ளும். சட்டென்று தண்ணீர் வெடிக்கும். அடுத்த ஷாட்டில் கையில் பெரிய விரால், முகத்தில் பெரிய சிரிப்பு. மொத்தமே முப்பது செகண்ட்தான்.

மூங்கில் கழி, தக்கை, மண்புழு என்று இருந்த குளத்தங்கரைத் தூண்டில் இப்போது கார்பன் ராடு, பின்னல் நூல், ரப்பர் தவளை என்று மாறிவிட்டது. லீவுக்கு ஊருக்கு வரும் ஐடி பசங்களின் பையில் லேப்டாப்போடு ஒரு மடக்கு ராடும் இருக்கிறது. அடுத்து வரும் கேள்வி: ஆங்கிலப் படங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சாட்டை மாதிரி நூலைச் சுழற்றுவார்களே, அந்த ஃப்ளை ஃபிஷிங் நம்ம ஊர்க் குளத்தில் செட் ஆகுமா?

ஆகும். ஆனால் மீன் வேறு, பிடிக்கக் கூடாத நேரம் ஒன்றும் உண்டு. அந்த நேரத்தைப் பற்றி ரீல்ஸ் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

முதலில், ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

சாதாரணத் தூண்டிலில் எடை இருப்பது முனையில். ஈயக்குண்டோ, இரையோ, ரப்பர் தவளையோ தன் எடையால் பறந்து போகும். நூல் அதன் பின்னால் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது அப்படியே தலைகீழ். முனையில் இருப்பது இறகு, முடி, நூல் வைத்துக் கட்டிய ஒரு போலிப் பூச்சி. ஊதினால் பறந்துவிடும். எடை இருப்பது நூலில். தடிமனான, மேலே பூச்சு பூசிய அந்த நூலை முன்னும் பின்னும் வீசி, அதன் எடையாலேயே பூச்சியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இந்தக் கலை வளர்ந்தது குளிர்நாடுகளில், ட்ரவுட் மீனுக்காக. அதிலும் ஆழமில்லாத ஏரியில் காட்டு ட்ரவுட் பிடிப்பது தனி ரகம். ஓடும் ஆற்றில் மீன் ஓரிடத்தில் நிற்கும், இரை அதைத் தேடி வரும். ஏரியில் இரை வராது. மீன்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். நீர்ப்பரப்பில் மிதக்கும் பூச்சியை எடுக்க அது மேலே வரும்போது ஒரு சின்ன வளையம் தெரியும். அதைப் பார்த்து, மீன் எந்தப் பக்கம் போகிறது என்று கணித்து, அதற்கு முன்னால் பூச்சியை இறக்க வேண்டும். தப்பாக விழுந்தால் மீன் ஓடிவிடும். அதாவது இது காத்திருந்து பிடிப்பதல்ல, பார்த்துப் பிடிப்பது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விராலுக்கு வரும்போது உதவும்.

தமிழ்நாட்டில் ட்ரவுட் இருக்கிறதா?

இருக்கிறது, நீலகிரியில். ஆனால் அது இங்கே பிறந்த மீன் அல்ல. 1860களில், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார். அந்தக் காலத்தில் மீன் முட்டையைக் கெடாமல் கடல் தாண்டிக் கொண்டுவருவது சின்ன வேலையில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான் ரெயின்போ ட்ரவுட் அங்கே நிலைத்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடியையும் முறைப்படுத்த 1877இலேயே ஒரு சங்கம் உருவானது. 1879இல் மதராஸ் அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. எப்போது பிடிக்கலாம், எப்போது கூடாது என்று வரையறுக்கும் ஏற்பாடு ட்ரவுட் வேர் பிடிப்பதற்கு முன்பே அங்கே தயாராகிவிட்டது. வெள்ளைக்கார துரைகள் தங்கள் பொழுதுபோக்குக்காகச் செய்ததுதான், சமூக சேவை ஒன்றும் இல்லை. ஆனாலும், வந்தேறி மீனுக்கு விதி முதலில் வந்தது, மீன் பிறகு வந்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால், தஞ்சாவூரில் ட்ரவுட் பிழைக்காது. குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும். தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து. நம்ம ஊர்க் குளம் வெயிலில் அதைவிடச் சூடாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் டெல்டாவின் மீன் எது?

சந்தேகமே வேண்டாம், விரால்தான். அறிவியல் உலகம் இந்த மீனுக்குப் பெயர் வைத்ததே டெல்டா மீனைப் பார்த்துத்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி இருந்தார். அவர் இங்குள்ள மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மார்கஸ் எலீசர் ப்ளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். அதை வைத்து 1793இல் ப்ளாக் விராலுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பாம்புத் தலை என்பது அதன் பொருள்.

சைடு நோட்: அதே தரங்கம்பாடியில் 1791இல் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரப் பட்டையின் வெடிப்பில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அதுதான் நம்ம பனையேறி கெண்டை. உண்மையிலேயே பனை ஏறுமா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில் சண்டையில்லை.

விராலும் அந்தக் குடும்பக் குணம் கொண்டதுதான். செவுளுக்கு மேலே காற்றை வைத்துக்கொள்ள அதற்குத் தனி அறை உண்டு. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் மட்டும் அதற்குப் போதாது. மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வர விடாமல் தடுத்தால் மீனே மூழ்கிச் செத்துவிடும். மீன் மார்க்கெட்டில் மற்றவையெல்லாம் ஐஸில் கிடக்க, விரால் மட்டும் அலுமினியத் தவலையில் உயிரோடு நெளிவது இதனால்தான்.

டெல்டாவின் நீர்க் காலண்டருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லணையில் பிரிந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று நுழைந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர இன்னும் நாளாகும். அதுவரை பல குளங்கள் காய்ந்துபோயிருக்கும். வெறும் சேறாகக் கிடக்கும் குளத்தில் மற்ற மீன்கள் செத்துப்போக, விரால் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். தண்ணீர் வந்ததும் வாய்க்கால் வழியாக வயலுக்கு, வயலிலிருந்து அடுத்த குளத்துக்கு என்று கிளம்பிவிடும். மழை நாளில் வரப்பைத் தாண்டி ஊர்ந்து போகும் விராலைப் பற்றிச் சொல்லாத கிராமமே இருக்காது.

ட்ரவுட் டெக்னிக் விராலுக்கு எப்படிப் பொருந்துகிறது?

ட்ரவுட் சாப்பிட மேலே வருகிறது, விரால் மூச்சு விட மேலே வருகிறது. தூண்டில்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். மீன் தானாகவே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

காலை வெயில் ஏறுவதற்கு முன், காற்றில்லாத நேரத்தில் குளத்தங்கரையில் பேசாமல் உட்கார்ந்தால் போதும். ஆகாயத்தாமரை ஓரத்திலோ அல்லி இலைகளின் இடைவெளியிலோ 'ப்ளக்' என்று ஒரு சத்தம். பிறகு சில குமிழ்கள். சில நிமிடம் கழித்து இரண்டடி தள்ளி மறுபடி. இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் மீன் போகும் திசை கிடைத்துவிடும். பூச்சியை அதன் தலை மேல் போடக் கூடாது, கொஞ்சம் முன்னால் போட வேண்டும். ட்ரவுட்காரர்கள் ஏரியில் போடுவது இதே கணக்குதான்.

'பூச்சி' என்கிறோமே தவிர, விராலுக்குச் சின்ன ஈ எல்லாம் எடுபடாது. தவளை, தட்டான், சுண்டெலி அளவுக்கு ஏதாவது வேண்டும். ஃபோமிலோ மான் முடியிலோ செய்த மிதக்கும் தவளைதான் சரி. கொக்கிக்கு முன்னால் கெட்டி நைலான் வளையம் ஒன்று இருந்தால் இலையில் சிக்காது. ராடு 8 வெயிட் அல்லது அதற்கு மேல். மெல்லிய நூல் வேலைக்கு ஆகாது. கொத்தியதும் விரால் நேராக வேருக்குள்தான் ஓடும், அதற்குள் இழுத்துவிட வேண்டும்.

ரப்பர் தவளையைவிட இது சிறந்ததா? எளிமை என்று பார்த்தால் இல்லை. ரப்பர் தவளையின் இரண்டு கொக்கியும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், ஆகாயத்தாமரை மேலேயே இழுத்து வரலாம். ஃப்ளையால் அந்த அளவுக்கு அடர்த்தியில் முடியாது. ஆனால் ரப்பர் தவளை தொப்பென்று விழும். ஃப்ளை இலை உதிர்வது மாதிரி இறங்கும். முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் அந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

எதுவாக இருந்தாலும் உயிருள்ள தவளையைக் கொக்கியில் மாட்டும் பழைய முறையைவிட இரண்டுமே மேல். வயல் தவளைகளைப் பிடித்துக் காலை வெட்டி ஏற்றுமதி செய்வதை இந்தியா 1987இல் தடை செய்ததற்கு, பூச்சியைத் தின்னத் தவளை இல்லாமல் போகிறது என்ற கவலையும் ஒரு காரணம். நெல் வயலுக்கு நடுவே இருக்கும் குளத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கே உரிய இரண்டு பிரச்னைகள் உண்டு. ஃப்ளை வீச, பின்னாலும் நூலுக்கு இடம் வேண்டும். கரை முழுக்கத் தென்னையும் சீமைக் கருவேலமும் இருந்தால் நூல் மரத்தில்தான் தொங்கும். அதற்கு நூலைப் பின்னால் வீசாமல் தண்ணீர் மேலேயே உருட்டி அனுப்பும் 'ரோல் காஸ்ட்' பழகிக்கொள்ள வேண்டும். இரண்டாவது உயிர் விஷயம். பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி பல வயல்களில் தாழ்வாகத் தொங்குகிறது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வீசும் முன் தலையைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். வரப்பில் கால் வைக்கும்போது கீழேயும்.

சரி, அந்த மறுபாதி என்ன?

நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் மழைத்துளி விழுவது போலச் சின்னச் சின்னதாகத் துடிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆரஞ்சும் சிவப்புமாக நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாகச் சுற்றிக்கொண்டிருக்கும். விரால் குஞ்சுகள். அவற்றுக்கு நேர் கீழே தாயோ தந்தையோ, இல்லை இரண்டுமோ, காவல் நிற்கும்.

புது வெள்ளம் வந்து, மழை பிடித்ததும் விரால் கரையோரச் செடிகளை விலக்கி ஒரு இடம் அமைக்கும். முட்டைகள் அங்கே மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு நகர்வதில்லை. பெரும்பாலான குளத்து மீன்கள் முட்டையிட்டதோடு போய்விடும்; விரால் அப்படியல்ல.

அந்தப் பந்தின் நடுவே ரப்பர் தவளையை இழுத்தால் என்ன ஆகும்? காவல் மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, விரட்டுவதற்காக. முதல் தடவை தப்பினாலும் இரண்டாவது, மூன்றாவது வீச்சுக்கும் வரும். ட்ரவுட் ஒருமுறை பயந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். குஞ்சுள்ள விராலுக்குப் பயப்பட நேரமில்லை. அதனால்தான் இது உலகத்திலேயே சுலபமான 'வேட்டை'. திறமை எதுவும் தேவையில்லை. ஆரஞ்சு நிறத்தைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும். சில வீடியோக்களில் குஞ்சுக் கூட்டத்தைக் காட்டிவிட்டு, 'இங்கதான் பெரிசு இருக்கும்' என்று பெருமையாகவே சொல்கிறார்கள்.

பெற்றோரை எடுத்துவிட்டால் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. குறவை, ஜிலேபி, கொக்கு, நீர்க்காகம் எல்லாவற்றுக்கும் விருந்து. ஆகவே கையில் இருப்பது ஒரு மீன், போனது ஒரு தலைமுறை. குளம் பெரிதாக இருந்தால் தாங்கும். டெல்டா ஊர்க்குளம் எத்தனை பெரிது? வருடத்தில் பாதி நாள் வறண்டு, உயிர் தப்பிய சில விரால்களை நம்பி மறுபடி தொடங்கும் குளம் அது.

விராலுக்கு மற்ற தொல்லைகளும் குறைவில்லை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை இன்று எல்லாக் குளத்திலும் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக் குட்டைகளிலிருந்து தப்பி வருகிறது. பூச்சிமருந்து கலந்த வயல் நீர் வாய்க்காலுக்கு வருகிறது. 2021இல் அடிக்கல் நாட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் நவீனமயத் திட்டத்தில் தரைக்கும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று விவசாயிகள் கேட்டார்கள். சேற்றில் புதைந்து கோடையைக் கடக்கும் மீனுக்காகவும் அதே கேள்வியைக் கேட்கலாம். இவற்றையெல்லாம் ஒரு தூண்டில்காரரால் மாற்ற முடியாது. குஞ்சுப் பந்து மேல் வீசாமல் இருப்பது மட்டும் முழுக்க முழுக்க அவர் கையில் இருக்கிறது.

கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது எல்லோருக்கும் தெரியும், செய்தியிலும் வரும். குளத்து விராலுக்கு அப்படி ஊரறிந்த தேதி எதுவும் இல்லை. தேதி வைப்பதும் கஷ்டம்தான். மேட்டூர் திறப்பு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பொறுத்து ஒவ்வொரு ஊரிலும் மாறும். ஆனால் தேதி தேவையே இல்லாத அடையாளம் கண்ணுக்கு முன்னால் மிதக்கிறது. ஆரஞ்சுப் பந்து தெரிகிறதா? அந்த மூலையை விட்டுவிட்டு வேறு கரைக்குப் போக வேண்டியதுதான்.

இதே மீன் இன்னொரு நாட்டில் வில்லன்

2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் கிராஃப்டன் என்ற ஊரின் குட்டையில் விராலின் ஆசிய உறவான வடக்கத்தி விரால் சிக்கியபோது அந்த நாடே அலறியது. ஊடகங்கள் பேய் மீன் ரேஞ்சுக்கு எழுதின. குட்டைக்கு மருந்தடித்தார்கள், அதே ஆண்டு உயிருள்ள விரால் வகைகளின் இறக்குமதிக்கே தடை வந்தது. ஆனாலும் பொடோமாக் ஆற்றில் அது பரவிவிட்டது. அங்கே பிடித்தால் கொல்லுங்கள் என்கிறார்கள். குஞ்சுப் பந்து மேல் வீசுவது அங்கே நல்ல காரியம்.

யூடியூபில் நம்ம பசங்க பார்த்துக் கற்றுக்கொள்ளும் டெக்னிக்கில் ஒரு பகுதி அங்கிருந்து வருவது. அழிக்க வேண்டிய ஊரின் முறையை, அது சொந்த மீனாக வாழும் ஊரில் அப்படியே காப்பி அடித்தால் கணக்கு தப்பாகிவிடும்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குளம் பொதுச் சொத்துதானே என்று நேராகத் தூண்டில் போட்டுவிட முடியாது. பல குளங்கள், ஏரிகளின் மீன்பிடி உரிமை 'மீன்பாசி ஏலம்' மூலம் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்காமல் பிடித்தால் அது திருட்டுக் கணக்குதான். கேட்டால் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, 'போட்டுக்கோ தம்பி' என்று விட்டுவிடுவார்கள். கோயில் குளத்தில் வேண்டவே வேண்டாம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த வடுவூர் ஏரி ஆழமில்லாதது, பார்க்க ஃப்ளை ஃபிஷிங்குக்கே வெட்டியது போல இருக்கும். ஆனால் அது பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. பைனாகுலரோடு போகலாம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்; கழற்றுவது சுலபம். விராலின் பல் கூர்மையானது, வாய்க்குள் விரல் விடாமல் நீள மூக்கு இடுக்கியால் எடுங்கள். சூடான கைப்பிடிச் சுவரில் போட்டு போட்டோ எடுக்காமல் ஈரக் கையால் பிடியுங்கள். ட்ரவுட் மாதிரி தண்ணீருக்கு வெளியே நொடிகளில் தத்தளிக்கும் மீன் அல்ல இது. காற்றை மூச்சாக்கும் மீன் என்பதால் கொஞ்சம் அவகாசம் தரும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதிலும் தப்பில்லை. முள் குறைவு, பிரசவித்த பெண்களுக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் தேடி வாங்கிக் கொடுக்கும் மீன். குஞ்சு இல்லாத கரையில், அது மூச்சு விட்ட இடத்தைப் பார்த்து, திசையைக் கணித்து, ஒரே வீச்சில் ஏமாற்றிப் பிடித்த விராலாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என்ன, ரீல்ஸ் எடுக்க முப்பது செகண்ட் போதாது. ஒரு காலை முழுக்கப் போய்விடும், பல நாள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.